சாமிப் படங்களுக்கு நடுவே ஒரு பாலிசி

கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பரின் விலை விழுந்திருந்த காலம் அது. எங்கள் தோட்டத்தை ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பெரிய சாலை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. மரங்கள் பெரும்பாலும் சாலைக்கு அந்தப் பக்கம். வெட்டிய ரப்பர் பாலைக் கொட்டும் ஸ்டோரும், நான் வேலை பார்த்த புகைக்கொட்டகையும் இந்தப் பக்கம். பால் வெட்டுகிறவர்கள் தோளில் காண்டாக் கம்பைப் போட்டு, அதன் இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு தினமும் அந்தச் சாலையைக் கடந்து வர வேண்டும்.

என் மனைவியும் பால் வெட்டுக்காரிதான். கலியாணமான நாளிலிருந்து நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், ரோட்டைப் பார்த்துக் கட என்று. எனக்கு எதைக் கண்டாலும் பயம். வானத்தில் மேகம் ஏறினால் பயம், தோட்டத்துத் துரை சிரித்தால் அதற்கும் பயம்.

"ரோட்டைப் பார்த்தா பால் சிந்துது. பாலைப் பார்த்தா ரோடு தெரியல. எதைப் பாக்கட்டும் மச்சான், நீங்களே சொல்லுங்க" என்பாள். அவள் என் அத்தை மகள். கலியாணத்துக்கு முன்னும் பின்னும் எனக்கு அவள் வாயில் ஒரே பெயர், மச்சான்.

அன்றைக்கு நான் புகைக்கொட்டகைக்குள் ரப்பர் தகடுகளைக் கம்பில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். வெளியே கார் கிறீச்சிட்டது. அப்புறம் வாளி உருளும் சத்தம். யார் வாளி என்று கேட்காமலே ஓடினேன். சாலையில் ஒரு பாதி அகலத்துக்குப் பால் கொட்டி, வெயிலில் வெள்ளை வெளேர் என்று கிடந்தது. அதற்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "நீங்க அழாதீங்க, எனக்கு இன்னும் வலியே வரல."

மோதியது ஒரு வாடகைக் கார். துணிக்கூரை போட்ட பழைய கார். ஈப்போவில் ஆள் ஏற்றிக் கோப்பெங்கில் இறக்கும். முதலாளியும் டிரைவரும் ஒரே ஆள்தான், நம் தமிழர். அவரும் ஒரு காலத்தில் தோட்டத்தில் இருந்து டவுனுக்குப் போனவர். செட்டியாரிடம் கடன் வாங்கிக் காரை எடுத்தவர். அவர் ஓடிப்போகவில்லை. ஏறியிருந்த ஆட்களை இறக்கிவிட்டு, அவளைத் தன் கையாலேயே தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்து, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அவள் சேலையில் நனைந்திருந்த பால் வழியிலேயே உறைந்து சீட்டுத் தோலோடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் சேலையின் ஒரு துண்டைக் கிழித்துத்தான் அவளை இறக்க முடிந்தது.

கட்டுப் போட்டுப் படுக்கவைத்த பிறகு கார்க்காரர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அவள் தலைமாட்டில் நின்றுகொண்டு சொன்னார்.

"தங்கச்சி, நீ ஒண்ணுக்கும் கவலைப்படாதே. என் காருக்கு இன்சூரன்ஸ் இருக்குலா. வெள்ளைக்காரன் கம்பெனி. உன் காலுக்கு அவன் குடுப்பான்."

"குடுக்கட்டும்ணே. இந்தக் கால் எப்ப மடங்கும்னு டாக்டர் துரைகிட்ட முதல்ல கேட்டுச் சொல்லுங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அவர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஜெலாப்பாங் பக்கம் இருந்த தன் பலகை வீட்டுக்குக் கூட்டிப் போனார். உள்ளே சாமி அலமாரி. முருகன், மாரியம்மன், இரண்டு பேருக்கும் நடுவில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு இங்கிலீஷ் காகிதம். மேலே சிங்கமும் கிரீடமும் அச்சடித்திருந்தது. நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். மல்லிகைச் சரம் ஒன்றும் போட்டிருந்தது.

"இதுதான் பாலிசி. கார் வாங்குன அன்னிக்கே எடுத்தது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சூடம் காட்டித்தான் காரை எடுப்பேன்" என்றார்.

நான் மூன்றாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீஷ் காகிதம் என்றாலே எனக்குக் கோயில் மாதிரிதான். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆனால் அந்தக் காகிதத்துக்கு ஆயுசு ஒரு வருஷம்தான். ஒவ்வொரு வருஷமும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. நிலத்துக்குக் கிராண்டு, அதாவது பட்டா, வாங்குகிற மாதிரி, ஒரு தடவை பணம் கட்டினால் ஆயுசுக்கும் நிற்கும் என்று நினைத்திருந்தார். அதை எழுதிக்கொடுத்த ஏஜென்டும் கித்தா விலை விழுந்ததும் கடையை மூடிவிட்டுக் கப்பலேறிவிட்டான், வந்து நினைவுபடுத்த ஆளில்லை. கார்க்காரர் சட்டத்தைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கம்பெனியின் பெரிய ஆபீசுக்குப் போனாராம். அங்கே இருந்த வெள்ளைக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் குங்குமத்தை விரலால் தொட்டு, இது என்ன ரத்தமா என்று கேட்டாராம். பிறகுதான் பாலிசி செத்துப் பல மாதம் ஆகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் கார்க்காரர் வெகுநாள் கழித்து அவரே சொல்லிச் சிரித்ததால் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் ஆஸ்பத்திரிக்கு வருவது நின்றுபோனது.

கார் நிற்கும் இடத்தில் மற்ற டிரைவர்கள் அவருக்குத் தைரியம் சொல்லியிருந்தார்கள். பாலிசி இல்லை என்றால் கேஸும் இல்லை, நீ தப்பித்தாய் என்று. எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியும் என்னிடம் அதையேதான் சொன்னார்.

"அவன்கிட்ட இன்சூரன்ஸ் இல்லையாம்லா. அப்புறம் யார்கிட்ட வாங்கப்போறே? பேசாம அந்தப் பொம்பளையை ஊருக்கு அனுப்புற வழியைப் பாரு."

ஊருக்கு அனுப்புவது என்றால் கப்பலில் நாகப்பட்டினத்துக்கு. அந்த வருஷம் எல்லாத் தோட்டத்திலும் அதுதான் பேச்சு. வேலைக்கு உதவாதவர்கள் என்று கண்டால் பெயர் எழுதி, லாரியில் ஏற்றி, பினாங்குக்கு அனுப்பிக் கப்பலேற்றிவிடுவார்கள். வேலை செய்யாதவர்களுக்கு, தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளான லயத்தில் இடமில்லை. அவள் கால் கூடியது, ஆனால் கட்டையாகக் கூடியது. முழங்கால் பாதிக்குமேல் மடங்கவில்லை. சரிவில் ஏறி இறங்கி மரத்துக்கு மரம் குனிகிற வேலைக்கு அந்தக் கால் ஆகாது. அவள் பெயர் எழுதப்பட்டுவிட்டது. ஊரில் எங்களுக்கு வீடில்லை, நிலமில்லை, போனால் அண்டிக்கொள்ள ஒரு ஆளில்லை. காலுக்கு ஏதாவது ஈடு கிடைத்தால் ஈப்போவில் ஒரு அறை பிடித்து, அவளால் உட்கார்ந்து செய்ய முடிகிற ஏதாவது ஒன்றைத் தொடங்கி, இங்கேயே இருந்துகொள்ளலாம். கிடைக்காவிட்டால் லாரிதான்.

கிராணி சொன்னதை நான் போய் அவளிடம் சொன்னேன்.

அவள் கோல் ஊன்றி லயத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "காகிதம் செத்துப்போச்சு, சரி. என்னை இடிச்சது காகிதமா?" என்றாள்.

"கிராணி படிச்சவரு புள்ள. சும்மாவா சொல்வாரு?"

"அவரு கணக்குப் படிச்சவரு. இதைப் படிச்சவங்க யாராச்சும் இருப்பாங்கல்ல, அவங்களைப் போய்க் கேப்போம். கேக்குறதுக்கு என்ன பயம்?"

எனக்குக் கேட்பதற்குத்தான் அதிகமான பயம். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கேட்காத வரைக்கும் அது இல்லை என்று ஆகவில்லையே! இந்தக் கணக்கிலேயே நான் பாதி ஆயுசை ஓட்டியிருக்கிறேன். அவளுக்கு அது பிடிபடவே பிடிபடாது.

ஈப்போவில் ஒரு யாழ்ப்பாணத்து வக்கீல் இருந்தார். மாடியில் ஆபீஸ். அந்தப் படிகளை அவள் ஒவ்வொன்றாக, நல்ல காலை முதலில் வைத்து, ஆகாத காலைப் பின்னால் இழுத்து ஏறினாள். நான் பின்னாலிருந்து விழுந்தால் பிடிக்கலாம் என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே ஏறினேன். வக்கீல் முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"நீர் ஏன் இப்பிடி வேர்க்கிறீர்? அடிபட்டது உமக்கோ?"

"எனக்குத்தாங்க" என்றாள் அவள். நடந்ததை முன்னுக்குப் பின் முரணில்லாமல் சொன்னாள். பாலிசி செத்ததையும் சொன்னாள்.

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உம்மை இடிச்சது ஆர், கம்பெனியோ அவனோ?"

"அவருதான்."

"அப்ப அவன்தான் குடுக்க வேணும். இன்சூரன்ஸ் எண்டது அவனுக்கும் கம்பெனிக்கும் இடையில உள்ள கதை. கம்பெனி அவனைக் கைவிட்டிட்டுது. அதுக்காக அவன் உம்மைக் கைவிடேலாது. விளங்குதோ?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தீர்களா என்று வாய் திறந்து கேட்கவில்லை. அந்த நல்ல குணம் அவளுக்கு எப்போதும் உண்டு.

"ஆனா ஒண்டு" என்றார் வக்கீல். "நீர் பாராமல் ரோட்டைக் கடந்தனீர் எண்டு அவன்ர வக்கீல் நிரூபிச்சால், ஒரு சதமும் வராது. உம்மட பிழையும் அதில இருக்கு எண்டால் சட்டம் உம்மைத் தள்ளிப்போடும். கவனம்."

படி இறங்கினோம். வாளியைப் பார்த்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறவள் அவள் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஆள் நான்தான்.

"யாரு கேட்டாலும் ரெண்டு பக்கமும் பாத்துத்தான் கடந்தேன்னு சொல்லிடு புள்ள."

"பாத்து இறங்குங்க மச்சான், படி வழுக்குது" என்றாள்.

வக்கீல் நோட்டீஸ் போனதும் கார்க்காரர் பதிலுக்கு ஆள் மூலம் ஒரு சேதி அனுப்பினார். கோர்ட்டுக்கு இழுத்தால் காரை மைத்துனன் பெயருக்கு மாற்றிவிடுவேன், அப்புறம் என்னிடம் எடுக்க ஒன்றும் இருக்காது என்று. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மறுநாளே அவர் வீட்டுக்குப் போகலாம் என்றாள். எதிராளி வீட்டுக்கா என்றேன். "எதிராளி என்ன எதிராளி, ஆரஞ்சு வாங்கிட்டு வந்த மனுஷன்" என்றாள்.

ஜெலாப்பாங் வீட்டில் கார்க்காரர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்வதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே அவர் மனைவி அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காரை உங்க மச்சான் பேருக்கு மாத்தப்போறீங்களாம்ல?"

"ஆமா. என்னா செய்யச் சொல்றே? நானும் பொழைக்கணும்லா."

"மாத்துங்கண்ணே. நான் வேணான்னு சொல்ல வரல. நாளைக்கு இந்தக் கேஸு முடிஞ்ச பிறகு, உங்க மச்சான் காரைத் திருப்பிக் குடுப்பாருங்கற நம்பிக்கை உங்களுக்கு இருந்தா, தாராளமா மாத்துங்க."

அம்மிச் சத்தம் நின்றுபோனது. உள்ளேயிருந்து முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு அவர் மனைவியின் குரல்.

"என் தம்பியா! போன வருஷம் வாங்கிட்டுப் போன குடையே இன்னும் வரல, காரா வரப்போகுது? ஏ, அந்தப் பொண்ணை உக்காரச் சொல்லுங்க. கால் முடியாதவளை நிக்கவெச்சுப் பேசிக்கிட்டிருக்கீங்க."

காப்பி வந்தது. அவளுக்கு ஒரு முக்காலியும் வந்தது. நீட்டிய காலை வைக்க இன்னொரு முக்காலியும் வந்தது. கேஸைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை. கார் பெயர் மாறவில்லை. ஆனால் கார்க்காரரும் ஒரு வக்கீலைப் பிடித்தார். இந்தப் பக்கம் கப்பல் ஏற்றும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

கோர்ட்டில் நீதிபதி ஒரு வெள்ளைக்காரத் துரை. பக்கத்தில் துபாசி ஒருவர், அவர் இங்கிலீஷில் கேட்பதைத் தமிழிலும், நாங்கள் சொல்வதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்கிறவர். அவளைக் கூண்டில் ஏற்றி நிறுத்தினார்கள். உட்கார்ந்து சொல்லலாம் என்று துரை நாற்காலி போடச் சொன்னார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நான் பயந்த கேள்வி முதல் கேள்வியாகவே வந்தது.

"ரோட்டைக் கடக்கும்போது கார் வருகிறதா என்று பார்த்தாயா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பார்த்தேன் என்று சொல், பார்த்தேன் என்று சொல் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ரோட்டுல இறங்கும்போது பாத்தேங்க. அப்ப கார் இல்ல. பாதி ரோட்டுக்கு வந்த பிறகு பாக்கல. வாளி தளும்புச்சு. வாளியைத்தான் பாத்தேன்."

துபாசி ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுத்தான் மாற்றிச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். எங்கள் வக்கீல் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். எனக்குக் கண்முன்னே லாரியே வந்து நின்றுவிட்டது. அவள் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. கோபம் இல்லை, பார்த்தால் அழுதுவிடுவேன்.

அடுத்தது கார்க்காரர். அவருடைய வக்கீலுக்கு இனிக் கஷ்டமே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்டார்.

"இந்தப் பெண் திடீரென்று உன் காருக்கு முன்னால் வந்தாள், அப்படித்தானே?"

கார்க்காரர் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். துபாசி கேள்வியைத் திரும்பவும் சொன்னார்.

"இல்லீங்க" என்றார் அவர். "இந்தத் தங்கச்சி நடு ரோட்டுல வந்துக்கிட்டு இருந்துச்சு. தூரத்துலயே பாத்துட்டேன். நிக்கறதுக்கு இடம் இருந்துச்சு. அதுக்குள்ள பின்சீட்டுல இருந்த ஆளு காசு நீட்டினாரு. வாங்கத் திரும்பினேன். மறுபடி முன்னாடி பாக்கறப்ப வாளிதான் தெரிஞ்சுது. நான் திரும்பாம இருந்திருந்தா காரை நிறுத்தியிருப்பேன்."

அவருடைய வக்கீலின் முகம் எப்படி ஆனது என்று நான் எழுதப்போவதில்லை. துரை, துபாசியிடம் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். எழுதிக்கொண்டார். எங்கள் வக்கீல் மூடிய பேனாவைத் திறந்தார்.

அந்த ஒரு பதிலில் கேஸ் எப்படித் திரும்பியது என்பதை வக்கீல் பிறகு எனக்கு விளக்கினார். அவள் பார்க்காமல் வந்தது பிழைதான். ஆனால் அந்தப் பிழையைக் கண்ணால் கண்டு, காரை நிறுத்த வசதியும் இருந்து, நிறுத்தாமல் விட்டவர் அவர். கடைசியாக ஆபத்தைத் தவிர்க்கக்கூடியவர் யாரோ, பொறுப்பு அவர் தலையில். சட்டத்தில் அதற்கும் இடம் இருந்தது. அவள் பொய் சொல்லியிருந்தால் அவர் உண்மை சொல்லியிருப்பாரா? இதை நான் கார்க்காரரிடமே ஒரு தடவை கேட்டேன். "தங்கச்சி உள்ளதைச் சொல்லிட்டுதுலா. அதுக்குப் பிறகு நான் எப்படிச் சொல்லாம இருக்கிறது?" என்றார். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை என்பதுபோலத் தோளைக் குலுக்கினார்.

தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் துரை இரண்டு வக்கீல்களையும் கூப்பிட்டார். பொறுப்பு யாருடையது என்பதில் இனிச் சந்தேகமில்லை, காலுக்கு இவ்வளவு என்று தொகையும் போட்டாயிற்று, அதைக் கொடுக்கும் வழியை நீங்களே பேசிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். கோர்ட்டுக்கு வெளியே ஒரு மரத்தடியில் எல்லாரும் நின்றோம்.

கார்க்காரரிடம் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். அதை ஏலம் போட்டால் முதலில் செட்டியார் கடனுக்குப் போகும், மிச்சம் வருவது அவள் காலுக்குக் காணாது. எங்கள் வக்கீல் மாதா மாதம் தவணை கேட்கலாம் என்றார். அவருடைய வக்கீல், மாதக் கடைசியில் கையில் என்ன இருக்கும் என்று யார் கண்டது என்றார். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது. அதனால் இரண்டு மடங்கு பயமும் வந்தது.

"மாசம் வேணாங்க" என்றாள் அவள். "அண்ணே ஒரு நாளைக்கு எத்தனை நடை ஓட்டுறாரோ, அதுல காலையில முதல் நடை எனக்கு. எண்ணெய்க் காசைக் கழிச்சுட்டு மிச்சம் என்னுது. ஈப்போவுல ஏறி கோப்பெங் போற வரைக்கும் காசை நானே வாங்கிக்கிறேன். அண்ணே முன்னாடி பாத்து ஓட்டட்டும். அவரு திரும்பவே வேணாம்."

கார்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சரி என்று ஆட்டினார்.

"இன்னொண்ணு. முதல்ல வர்ற காசு எனக்கு வேணாம். அதைச் சேத்து இன்சூரன்சு கட்டணும். கட்டின பிறகுதான் என் கணக்கு ஆரம்பம்."

எங்கள் வக்கீலுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "என்ன விசர்க் கதை இது? உமக்குக் காசு வேணுமோ, வேண்டாமோ?"

"வேணுங்கய்யா. அதனாலதான் சொல்றேன். நாளைக்கு இந்தக் கார் இன்னொருத்தியை இடிச்சா அவளும் இதே மரத்தடிக்கு வருவா. இருக்கிறது ஒரு கார். அப்ப அவளும் நானும் அதைப் பிச்சுக்கவா? அவளுக்காச்சும் கம்பெனி குடுக்கட்டும்."

வக்கீல் தன் குமாஸ்தா பக்கம் திரும்பினார். "எழுதும்" என்றார். அப்படியே எழுதி, துரை முன்னால் வாசித்து, இரண்டு தரப்பும் சம்மதம் என்று கோர்ட்டிலேயே தீர்ப்பாக்கினார்கள். அவள் கைநாட்டு வைத்தாள். கார்க்காரர் கையெழுத்துப் போட்டார்.

எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அவளுக்கு இந்த யோசனையெல்லாம் எங்கேயிருந்து வந்தது என்று. எனக்குத் தெரியாது. நான் ஒரு காரியத்தைப் பார்த்தால் அதில் என்னென்ன கெட்டுப்போகும் என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அவளும் என்னென்ன கெட்டுப்போகும் என்று பார்க்கிறவள்தான். பார்த்துவிட்டு எழுந்திருப்பாள். எங்களுக்குள் வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது கொஞ்சமில்லை.

லாரி வந்த நாள் காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். தினமும் ஆள் கணக்கு எடுக்கிற அதே களம்தான். மூட்டையும் முடிச்சுமாகக் கிழவர்கள், கண் தெரியாத ஒரு அம்மாள், இரண்டு மூன்று குடும்பங்கள். அவள் பெயரும் வந்தது. கோலை ஊன்றிக்கொண்டு கிராணி மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் போகலைங்க. பேரை அடிச்சிடுங்க."

"லயத்துல இடம் கிடையாது. தெரியும்ல?"

"தெரியுங்க. ஈப்போவுல அறை பாத்தாச்சு."

"ஒத்தைக் காலோட ஈப்போவுல என்னா செய்வே?"

"காலையில முதல் நடைக் கார் என்னுதுங்க" என்றாள்.

கிராணி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என் வாழ்நாளில் ஒரு மேசைக்கு முன்னால் நின்று பயப்படாமல் ஆட்டிய தலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவர் பெயரை அடித்தார். அவள் உடனே திரும்பிவிடவில்லை. லாரியில் ஏறியிருந்த கண் தெரியாத அம்மாளிடம் போய், எங்கள் வீட்டில் இருந்த நல்ல கம்பளியைக் கொடுத்து, கப்பலில் காற்று அடிக்கும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அறை என்று நான் சொல்வது, கார் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு கடையின் பின்பக்கத்தைப் பலகையால் தடுத்த பாதி இடம். முதல் கொஞ்ச காலத்துக்கு அவள் வாங்கிய காசு முழுக்க இன்சூரன்சுக்குப் போனது. கார்க்காரர் புதுப் பாலிசியை வாங்கி வந்து காட்டிவிட்டு, என்றைக்கு முடிகிறது என்பதை அவளிடம் வாய்மொழியாகச் சொல்லிவைத்தார். அவள் மறக்க மாட்டாள் என்று. அதற்குப் பிறகு வந்தது எங்களுடையது. ஒழுங்காக வந்தது என்று சொல்ல முடியாது. கார் கெட்டுக் கிடந்த நாட்கள் உண்டு, ஆள் ஏறாத நாட்கள் உண்டு. ஆனாலும் வந்து முடிந்தது. முடிந்த பிறகும் காசு வாங்குகிற வேலையில் அவளையே வைத்துக்கொண்டார்.

நான் புகைக்கொட்டகை வேலையை விடவில்லை. காலையில் அதே காரில்தான் தோட்டத்துக்குப் போவேன். டிரைவருக்குப் பக்கத்தில், ஆகாத காலை நீட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். பின்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு நாங்கள். கையைப் பின்னால் நீட்டி வரிசையாக எல்லாரிடமும் வாங்குவாள். என்னிடமும் வாங்குவாள்.

"புருஷன்கிட்டயுமா அக்கா?" என்று யாராவது சிரிப்பார்கள்.

"ஏன், அவரு உக்காந்தா சீட்டு தேயாதா?"

முதல் நாள் மட்டும் எனக்கு இன்னும் துல்லியமாக நினைவிருக்கிறது. விடிந்தும் விடியாத நேரம், மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அவளைக் கையைப் பிடித்து முன்சீட்டில் ஏற்றிவிட்டேன். சாலையில் ஒரு ஆளையும் காணவில்லை. எனக்குள் பழைய கலக்கம் ஆரம்பித்துவிட்டது. ஊருக்கும் போகாமல், லயத்தையும் விட்டு, இந்த ஒரு காரை நம்பி வந்திருக்கிறோம்.

"ஏ புள்ள, மழை வருதே. மழை வந்தா யாரு ஏறுவா?"

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மழை வந்தாத்தான் மச்சான் எல்லாரும் ஏறுவாங்க" என்று சொல்லிவிட்டு, கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "கோப்பெங்! கோப்பெங்!" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.